மூன்று மாதம் முடியட்டும் என்றார்கள்

குரோம்பேட்டைக் கண் மருத்துவமனையில் டாக்டர் ராஜகோபாலன் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். ஜெரூஷாவின் மடியில் ஏழு வாரப் பெண் குழந்தை. இரண்டு கண்களின் கருமணியிலும் பால் துளி விழுந்தாற்போல் வெள்ளை.

“கண்புரைதாம்மா. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும். தள்ளிப்போட்டா, புரையை எடுத்தாலும் பார்வை சரியா வராது. மாசமா இருந்தப்போ, முதல் மூணு மாசத்துல ஜுரம், உடம்புல சிவப்புத் தடிப்பு ஏதாவது வந்துச்சா?”

ஜெரூஷா பக்கத்திலிருந்த மாமியார் சாராளை ஓரக்கண்ணால் பார்த்தாள். “இல்ல டாக்டர்.”

“நல்லா யோசிங்க. ருபெல்லாங்கற ஜெர்மன் தட்டம்மையா இருந்தா இதயத்துலயும் கோளாறு இருக்கலாம். அது தெரியாம மயக்க மருந்து கொடுக்கறது ஆபத்து. அந்தக் கிருமி குழந்தைகிட்டயே மாசக்கணக்குல தங்கும். கர்ப்பமா இருக்கறவங்க கிட்ட வரக்கூடாது.”

“எதுவும் வரல.”

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

தடிப்பு வந்திருந்தது. போன டிசம்பரில் அவளுக்கு இரண்டாம் மாதம். “மூணு மாசம் முடியாம வெளிய சொல்லாத, பனியில வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸும் போகாத” என்று சொல்லிவிட்டுத்தான் சாராள் ஊரப்பாக்கத்து மகள் வீட்டுக்குப் போனாள். போகாவிட்டால் சபைப் பாடகர் குழுவில் ‘என்ன விசேஷமா?’ என்று துளைத்தெடுப்பார்கள். ஜெரூஷா போனாள். பம்மலில் ஒரு வீட்டில், உடம்பெல்லாம் தடிப்போடு ஒரு குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்டது. புது வருஷத்துக்கு முதல் நாள் அவளுக்கும் தடித்தது. மருந்துக்கடை லாசரஸ் அதே சபைக்காரர் என்பதால், தான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லவில்லை. அவரும் சூடு என்று களிம்பு கொடுத்தார். மூன்று நாளில் மறைந்தது.

“ஜெரூ!” மாடி வீட்டு மிருதுளா இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். “பாப்பாவக் குடு. நாலு இட்லிய முழுங்கு மொதல்ல. உன் மூஞ்சியப் பார்த்தா நீதான் பேஷன்ட் மாதிரி இருக்க.” குனிந்து காதோடு சொன்னாள்: “யார்கிட்டயும் மூச்சு விடாத. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. ஏழு வருஷம் கழிச்சு! மூணு மாசம் முடியட்டும்னு இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

“தொடாதீங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது. மிருதுளாவின் கை அப்படியே நின்றது. “ஏன்டி... இத்தன நாள் பிள்ளையில்லாதவ கைன்னா?”

“உதவிக்கு வந்தவகிட்ட இப்படியா பேசுவ?” என்றாள் சாராள்.

பேசாமல் இருந்துவிடலாம். மிருதுளா கோபித்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஒரே மாடிப்படி. நாளைக்கே மனசு ஆறி மறுபடி கையை நீட்டுவாள்.

“அக்கா, தள்ளி நில்லுங்க” என்று எழுந்து விலகினாள் ஜெரூஷா. “எனக்குத் தடிப்பு வந்துச்சு. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். பாப்பாகிட்டேருந்து உங்க வயித்துல இருக்கறதுக்குத் தொத்திடும்.” பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். “நீங்க வேணாம்னு சொல்லியும் கேரலுக்குப் போனேன் அத்தை.”

மிருதுளா நாலடி பின்னால் போனாள். சாராளின் உதடு துடித்தது. இதோ வசை வரப்போகிறது என்று ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

வரவில்லை. சாராள் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“சொல்லாத, சொல்லாதன்னு உன் வாயக் கட்டினவ நான்தானே. வா உள்ள. நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்.”

சொல்லாமல் விட்ட ஒரு வசைச்சொல்லாலும் கர்த்தர் மனிதரைத் தாங்குவார்.

டாக்டர் திட்டவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, அன்றைக்கே இதயத்தை ஸ்கேன் செய்ய அனுப்பினார். பிறந்ததும் மூடவேண்டிய ஒரு சின்ன ரத்தக்குழாய் மூடாமல் இருந்தது. இதய டாக்டரும் கூட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. “இது தெரியாம மயக்க மருந்து கொடுத்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

மிருதுளாவையும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் வாசலிலேயே, பத்தடி தள்ளி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் கணீரென்று வந்தது.

“எனக்கு ரிசல்ட் என்ன வருதோ, சாமி விட்ட வழி. ஒரு வருஷம் தூக்கக் கூடாதாமே? பரவால்ல. நீ கண்ணச் சரிபண்ணிக் கூட்டிட்டு வா. பொண்ணு தள்ளி இருந்தே என்னைப் பார்க்கட்டும்.”