கோர்ட் எதிரே லினக்ஸ்

கடலூர் கோர்ட்டுக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடைகளில் வினோதினியை முதலில் யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சிதம்பரத்தில் கணினி சொல்லித்தரும் அவள், எல்லோருக்கும் பொதுவான, யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை அவர்கள் கணினிகளில் இலவசமாகப் போட்டுத்தருவதாக வந்திருந்தாள். சும்மா கிடைப்பதில் ஏதோ கோளாறு இருக்கும் என்று விரட்டினார்கள்.

அங்கே கடை வைத்திருந்த சின்னம்மாள்தான் விளக்கமாகத் திட்டினாள்.

"படிச்ச பொண்ணு, உனக்கு இது அழகா இருக்கும். நான் மனு அடிக்கணும், பிரிண்ட் எடுக்கணும். இதுல அது எங்க இருக்கு, சொல்லு."

சுருக்கென்றது. ஆனாலும் வினோதினி போகவில்லை. சின்னம்மாள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, அவள் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசையையே விசைப்பலகைக்குக் கொண்டுவந்தாள். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று தமிழில் பெரிய பொத்தான்கள் வைத்தாள், மற்றதையெல்லாம் மறைத்தாள். அதன்பின் பக்கத்துக் கடைக்காரர்கள் தாங்களாகவே கூப்பிட்டார்கள்.

அதில் செந்தமிழ்செல்வனின் பிழைப்பில் மண் விழுந்தது. விலைக்கு விற்கும் மென்பொருள்களின் திருட்டு நகல்களைக் கடைகளில் போட்டுவிட்டு, வைரஸ் வந்தால் எடுக்கவும் அவனே வருவான். அந்த வரிசை முழுக்க அவன் பிடியில் இருந்தது. டீக்கடை அருகே அவளை மறித்து, சிதம்பரத்தோடு நின்றுகொள்ளச் சொன்னான். அவள் பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் அவள் மறுபடி சின்னம்மாள் கடையில் இருந்தபோது, பட்டப்பகலில் இரும்புக் குழாயும் கூட ஒருவனுமாக உள்ளே வந்தான். முதல் அடியில் திரை சிதறியது. அடுத்தது கணினிக்கு. வினோதினி குறுக்கே வலக்கையை நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கூட வந்தவன் சின்னம்மாளின் தலைமுடியைப் பிடித்து ஷட்டரில் மோதினான். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். அவள் மேசையைத் துழாவி, காகிதத்தில் துளை போடும் இரும்பு இயந்திரத்தால் அவன் வாயில் அடித்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

செந்தமிழ்செல்வன் சின்னம்மாள் பக்கம் குழாயை ஓங்கினான். வினோதினி நாற்காலியை உதைத்து அவன் கால்களுக்கிடையே தள்ளினாள். விழுந்தவன் கையிலிருந்து குழாய் உருண்டது. இடக்கையால் எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். அலறினான். மறுபடியும் போட்டாள். பிறகு தலைக்கு ஓங்கினாள்.

சின்னம்மாள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். "போதும் வினோ. செத்துடுவான்."

"சாவட்டும்" என்றாள் வினோதினி. தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று புரிந்ததும் பிடியை விட்டாள். குழாய் கீழே விழுந்தது.

போலீஸ் இருதரப்பு மீதும் வழக்குப் போட்டது. செந்தமிழ்செல்வன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிறைக்குப் போனான். பயந்துபோன இரண்டு கடைகள் பழைய திருட்டு நகலுக்கே திரும்பின. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வினோதினியின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அந்த முழங்கால் உடைந்த அதிர்வு மட்டும் இடக்கையில் அப்படியே தங்கிவிட்டது. சோற்றைப் பிசையும்போதுகூட வந்தது.

வழக்கு வாய்தா முடிந்து அவள் கடலூர் கோர்ட்டிலிருந்து வெளியே வந்தபோது, நெல்லிக்குப்பத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஞானாம்பாள் அவளுக்காகக் காத்திருந்தாள். அந்தப் பெரிய பொத்தான்கள் தனக்கும் வேண்டும் என்றாள்.

வினோதினி தன் கைகளைப் பார்த்தாள்.

"வாங்கக்கா, உங்க கடைக்கு இப்பவே போவலாம்" என்றாள்.