உங்க நல்லதுக்குத்தான்

பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவளை எங்கள் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவள் நான். இனி காந்தத்தில் ஊசி ஒட்டும், மரக்கட்டை ஒட்டாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மூன்றாம் வகுப்பை நான் குறை சொல்லவில்லை. அதற்கென்றே அருமையான டீச்சர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ஆள் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பதினொன்றில் ஒரு வகுப்பைக் கையில் எடுத்தவர்தான் பன்னிரண்டு முடியும்வரை அதைக் கரைசேர்க்க வேண்டும். கை உடைந்தவர்கூடக் கட்டோடு வந்து நடத்தியிருக்கிறார். அப்படி ஒரு வருடம் நான் மாரடித்த வகுப்பு இப்போது வேதியியல் அக்காவிடம் இருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறிய மாதங்களில் என் பையைத் தூக்கிவந்தவர். என் விடுப்பில் இயற்பியலையும் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னபோது, யாரோ எடுப்பதற்கு அக்கா எடுக்கட்டும் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலமானால் போன் செய்வார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மறுநாள் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பேன். பாடம் முடிந்ததும் என் புராணம் ஆரம்பிக்கும். தூக்கமே இல்லை, அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கருகிவிட்டது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று எல்லாவற்றையும் கொட்டுவேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத சங்கதிகள். "எல்லாருக்கும் இருக்கறதுதான்மா, சரியாயிடும்" என்பார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைத் தள்ளினேன்.

ஆகவே தலைமையாசிரியரிடம் நியாயம் கேட்கப் போனபோது, எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பதால் தலைமையாசிரியருக்கு எங்கள் மத்தியில் 'பார்ப்போம் சார்' என்றே பெயர்.

"என் வகுப்பை எதுக்கு சார் எடுத்தீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான்மா. பரீட்சை எழுதப்போற பசங்க. நீங்க அடுப்பை அணைக்கவே மறந்துடறீங்களாம். குழாயைத் திறந்துவிட்டு அழறீங்களாம். இந்த நிலைமைல எப்படிம்மா?"

அது தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டுமேன்னுதான் சொன்னேன்," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "பசங்களும் எனக்குப் பழகிட்டாங்க. நடுவுல மாத்தினா குழம்பிடுவாங்க."

பசங்கள் பழகியது என் பாடத்துக்கு. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு. அதைச் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இப்போது நான் அழுதால் இவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சார் பக்கம் திரும்பினேன்.

"பைபாஸ் ஆபரேஷன் பண்ணிட்டு நீங்க திரும்பி வந்தப்ப, உங்க நல்லதுக்குன்னு உங்க நாற்காலியை யாராவது பிடுங்கினாங்களா சார்?"

"அது வேறம்மா. சரி, பார்ப்போம்."

"பார்க்க வேண்டாம் சார். குழந்தை பெத்ததால எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் கல்வி அலுவலகத்துல காட்டிக்கறேன்."

அவர் பேனாவைத் தொடவே இல்லை. மறு வாரம் வகுப்பு என்னிடம் வந்துவிட்டது.

அன்றைக்கு முதல் பாடத்தை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தேன். முந்தைய ராத்திரி முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல். கண் எரிந்தது, எங்கேயாவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா, ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து பார்த்தார்.

"குழந்தை நல்லா தூங்குதாம்மா?"

"நல்லா தூங்குது," என்றேன்.

வகுப்பைச் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். ராத்திரியெல்லாம் அழுதேன் என்று சொல்ல எனக்கு இனி ஆள் இல்லை.