முழு வேகம்

பெலார்மினோவை நாலு பேர் மெத்தையோடு தூக்கிப் படகின் அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மருமகன் எரிபெர்த்தோ அளவுக்குச்சியைத் துடைத்து, இரண்டாம் முறையாக டீசல் டேங்க்குக்குள் விட்டு எடுத்தான். ஈரம் அதே இடத்தில்தான் நின்றது. அறுபது லிட்டர்.

புயலால் சரக்குப் படகு வந்து வெகுநாளாகியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த கேன்களையெல்லாம் கவிழ்த்துச் சொட்டுவிடாமல் ஊற்றிய பிறகும் அவ்வளவுதான். ரோந்துப் படகு தெற்கே எங்கோ போயிருப்பதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். தீவின் நர்ஸ் பெலார்மினோவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பலகை மாதிரி இருக்கு. உள்ள ஏதோ வெடிச்சிருக்கு. கெய்யோன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்" என்றாள்.

சீக்கிரமாகப் போகத்தான் டீசல் இல்லை.

வளைகுடாவைத் தாண்டினால்தான் கெய்யோன். முப்பத்தாறு கடல் மைல். முழு வேகத்தில், மணிக்கு எட்டு மைல் என்று விட்டால் நாலரை மணி நேரம். ஆனால் எஞ்ஜின் மணிக்கு இருபது லிட்டர் குடிக்கும்; தொண்ணூறு லிட்டர் வேண்டும். ஆறு மைலில் போனால் ஆறு மணி நேரம் ஆகும், ஐம்பது லிட்டரில் கரை சேரலாம். அடியில் மிஞ்சும் பத்து லிட்டர் வெறும் கசடும் தண்ணீரும்தான். அதை உறிஞ்சினால் எஞ்ஜின் நின்றுவிடும். நடுக்கடலில் நின்ற படகை அலை பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துப் போட ரொம்ப நேரம் பிடிக்காது.

எஞ்ஜின் ஓட்டும் லைசென்ஸுக்காகத் துறைமுகத்தில் படித்த கணக்கு இது. வேகம் இரண்டு மடங்கானால் மணிக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு எட்டு மடங்காகும். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் அவன் பென்சிலும் கையுமாகப் படிக்கப் போனதைப் பெலார்மினோ தீவு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அவனுக்கு அவர் வைத்த பெயர் கணக்கு வாத்தியார்.

அவன் ஆறு மைலில் விட்டான்.

கடைசித் தீவும் பின்னால் போனதும் அவன் மனைவி தொரில்தா அறையிலிருந்து தலையை நீட்டினாள். "இவ்வளவுதான் போகுமா?"

"டீசல் பத்தாது."

"அங்க போய்ச் சேர்ந்தப்புறம் எங்க அண்ணன் ஊத்துவான்."

"போய்ச் சேரணும்ல. வேகத்தைக் கூட்டினா பாதி வழில நின்னுரும், தொரில்தா. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"படுத்துக் கிடக்கிறது உங்க அப்பாவா இருந்தாலும் இப்படித்தான் கணக்குப் போட்டுட்டு இருப்பியா?"

அவள் உள்ளே போனதும் வேகப் பிடியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினான். மனசு தானாகவே பெருக்கிக் கழித்தது. பிடியைப் பழைய இடத்துக்கே இழுத்தான். மறுபடி தள்ளினான், மறுபடி இழுத்தான். குளிர்காற்றிலும் சட்டைக்குள் வியர்த்தது.

"எரிபெர்த்தோ! அப்பா கூப்பிடுறாரு!"

சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு உள்ளே குனிந்தான். அடுப்பில் கெட்டில் கொதித்து ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. பெலார்மினோவின் முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"என்ன மாப்ளே, என்னை மாட்டு வண்டிலயா ஏத்திருக்க?"

"படகுதான் மாமா. நல்லாத்தான் போகுது."

"எனக்கேவா? இது என் படகுடா. சத்தத்தை வச்சே சொல்லிருவேன். இது நடக்குது, ஓடல." மூச்சு வாங்கியது. சிரிப்பார் என்று எரிபெர்த்தோ காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுத்துக் காய்த்த அந்தக் கையில் இப்போது குழந்தையின் பிடி அளவுக்குத்தான் பலம் இருந்தது.

"ஓட்டுடா. பயமா இருக்குடா எனக்கு."

பதினெட்டு வருஷமாக அந்த மனிதரின் ஏச்சைக் கேட்டிருக்கிறான், பாட்டைக் கேட்டிருக்கிறான். இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

வெளியே வந்தவன் வேகப் பிடி மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பிடியை விட்டுவிட்டு, எஞ்ஜின் பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். அறையையும் எஞ்ஜினையும் பிரிப்பது ஒரு மர மூடிதான். சத்தம் அடங்குவதற்காக அதன் உள்பக்கம் ஆட்டுத்தோல் அடித்திருந்தது. கொக்கிகளைத் தட்டி, மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தான்.

சத்தம் படகு முழுவதையும் நிரப்பியது. தட்டுகள் அதிர்ந்தன. பேசினால் தன் குரலே தனக்குக் கேட்காது. படகென்னவோ ஆறு மைலில்தான் போய்க்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் தொரில்தா பின்னாலிருந்து அவன் தோளைப் பற்றி, காதுக்குள் கத்தினாள். "அப்பா சிரிக்கிறாரு! அப்படித்தான்டா வாத்தியாரேன்னு சொல்றாரு!"

அவன் அவள் பக்கம் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் படகிலேயே வளர்ந்தவள். பின்னால் விரியும் நுரையைப் பார்த்தாலே போதும், வேகம் தெரிந்துவிடும். இரண்டு தடவை தண்ணீர் எடுக்க வெளியே வந்தாள். ஒரு தடவை கடலைப் பார்த்தபடி நின்றாள். அவன் சுக்கானையே பார்த்தான். அவள் செம்பில் மொண்டுகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கெய்யோனின் வீடுகள் தகரப் பொட்டுகளாகத் தெரியத் தொடங்கியபோது அவள் வந்து அவன் எதிரே நின்றாள். உதடு அசைந்தது. எஞ்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அவன் மூடியைப் போட எஞ்ஜின் பெட்டிப் பக்கம் நகர்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"குறைக்காத!" என்று கத்தினாள். "இப்படியே போ!"

துறையில் அவளுடைய அண்ணன் அர்செனியோ ஆம்புலன்ஸோடு நின்றிருந்தான். அவனும் எஞ்ஜின்காரன்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், போர்வையை இழுத்து மூடினான். ஸ்ட்ரெச்சர் கரையேறியதும் படகில் இறங்கி எஞ்ஜினை நிறுத்தினான். பழக்கதோஷத்தில் அளவுக்குச்சியை டேங்க்குக்குள் விட்டு எடுத்தான்.

எரிபெர்த்தோவும் பார்த்தான். இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாது.

நீரோட்டம். வளைகுடாவுக்குள் நுழைந்ததிலிருந்தே ஓட்டம் அவர்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. அவன் சொன்ன ஆறு மணி நேரமும் ஆகவில்லை. நீரோட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது முதல் பாடம். பதற்றத்தில் விட்டுவிட்டான். சேர்த்திருந்தால் ஏழு மைலுக்குக் கூட்டியிருக்கலாம். அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். வீடுகள் கண்ணில் பட்ட பிறகுதான் அவர் போனார். அரை மணி நேரம். மனசு அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது.

"முழு வேகத்துலதான் வந்தோம்ணே!" கரையிலிருந்து தொரில்தா கத்தினாள். "இவன் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கல!"

அர்செனியோ கையிலிருந்த குச்சியைப் பார்த்தான். எரிபெர்த்தோவைப் பார்த்தான். திறந்து கிடந்த எஞ்ஜின் பெட்டியைப் பார்த்தான். பிறகு குச்சியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் துடைத்தான்.

"தெரியும்மா. முனை திரும்பும்போதே சத்தம் கேட்டுச்சு."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. காதுக்குள்ளே எங்கோ எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தொரில்தா துணிப்பையை அவிழ்த்து, காலையில் கட்டி வந்த உருளைக்கிழங்கு ரொட்டியைப் பிட்டாள்.

"சாப்பிடுறியா?" என்று கத்தினாள்.

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. எதிரே வந்த நர்ஸ் உதட்டில் விரலை வைத்தாள்.

"வேணாம்!" என்று அவனும் கத்தினான். "நீ சாப்பிடு!"