பதின்மூன்று பேர் சரி

வேனின் பின்கதவைத் திறந்ததும் எல்டன் அதைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே ரொவீனாவின் பழுப்புத் துணிப்பெட்டி இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். சீசனின் கடைசி நடைக்கு மட்டும் வருகிறேன், பிரைஸ் பள்ளத்தாக்கில் அக்கா வண்டியோடு நிற்பாள், அப்படியே அவளோடு போய்விடுவேன் என்று. சரி என்றான். பதினெட்டு வருஷப் பெண்டாட்டி, கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

லாஸ் வேகஸில் ஏறியவர்கள் பதின்மூன்று பேர். எல்டன் வண்டியும் ஓட்டுவான், பாறைகளின் கதையும் சொல்வான். சாப்பாடு, தண்ணீர், சுளுக்கிய காலுக்குக் கட்டு எல்லாம் ரொவீனா பாடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன், கைக்குள் அடங்கும் எண்ணும் கருவியைத் தலைக்கு ஒரு அழுத்து அழுத்துவான். கணக்கு சரியானால்தான் வண்டி நகரும். பதினோரு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட அவன் விட்டுவிட்டு வந்ததில்லை.

சீயோன் பூங்காவின் சுரங்கப்பாதை வந்தது. "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. நானும் மூடிக்கிறேன்," என்றான், தினமும் சொல்வதுபோல.

"அப்ப ஸ்டியரிங்க யாரு பாக்கிறது தம்பி?" என்றார் ஒஹாயோவிலிருந்து வந்த கிளைட் என்ற கிழவர்.

நான்தான், பதினோரு வருஷமா, என்று முன் சீட்டிலிருந்து ரொவீனா சொல்ல வேண்டிய இடம் அது. வேன் முழுக்கச் சிரிக்கும். இன்றைக்கு அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆற்றோர மரத்தடியில் அவள் சாண்ட்விச் பிரித்துக் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? குடிச்சேனா, கை நீட்டுனேனா?"

"ஒண்ணும் பண்ணல." கத்தியைத் துடைத்தாள். "போன வசந்தத்துல என்னைய கனாப் ஊர்ல விட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேனே."

"கேட்ட. நாப்பது மைல் போய், யாரோ ஒரு அம்மா தண்ணி கேட்டப்புறந்தான் நான் இல்லன்னு தெரிஞ்சிருக்கு உனக்கு."

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு ரொவீனா. பயணிகளத்தான எண்ணுவேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

துடைத்த கத்தியை உறையில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

பிரைஸில் வழக்கமாக ஐம்பது நிமிஷம் விடுவான். இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் என்றான். "சம்பளம் ஏத்திட்டாங்களா தம்பி, இம்புட்டு தாராளம்?" என்றார் கிளைட். எல்லோரும் செந்நிறப் பாறைத் தூண்களைப் பார்க்க இறங்கிப் போனார்கள். அக்காவின் பச்சை வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. ரொவீனா பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டாள். அவன் தூக்க வந்தபோது, "வெங்காயம் போடாத சாண்ட்விச் உனக்கு, மேல இருக்கு. சாப்பிட்டுரு," என்றாள். அவ்வளவுதான்.

பச்சை வண்டி ஜூனிபர் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அப்புறமும் அவன் ஒரு மணி நேரத்துக்குமேல் அங்கேயே நின்றான். அக்காவை அதட்டித் திருப்பிக்கொண்டு வருவாள் என்று சாலையையே பார்த்தான்.

காற்று சில்லிட ஆரம்பித்ததும் பயணிகள் வந்து ஏறினார்கள். எல்டன் ஒவ்வொரு தலைக்கும் கருவியை அழுத்திக்கொண்டே வந்தான். பதின்மூன்று. விரல் நிற்கவில்லை. இன்னொரு அழுத்து அழுத்தியது. கருவி பதினான்கு என்று காட்ட, காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கிளம்பலையா தம்பி? கை காலெல்லாம் விறைக்குது."

"ஒரு ஆள் குறையுது."

கிளைட் எழுந்து, விரல் நீட்டி வரிசையாக எண்ணினார். "பதிமூணு. நாங்க வந்தது பதிமூணுதான. சரியாத்தான் இருக்கு."

"ஆமாங்க. சரியாத்தான் இருக்கு."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "தண்ணி குடுக்குறவங்க எங்கங்க? ஒரு பாட்டில் கெடைக்குமா?"

எல்டன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். ஐஸ் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பாட்டிலை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து, கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தான். வண்டியை எடுத்தான்.