வீட்டு எண் இல்லாத வீடு

ஆம்புலன்ஸ் பதிவுசெய்யும் அந்த இணையதளம் காலை பத்து மணியிலிருந்து விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. வாடகை சர்வரில் ஓடுகிற தளம். முடங்கி விழுந்தால் தானே எழுந்துவிடும். எழுந்த வேகத்தில் மறுபடி விழுந்தால் என்ன செய்வது? அலுவலகமே தளத்துக்கு நிரல் எழுதும் அவளைப் பார்த்தது. இப்படி எத்தனையோ முறை காப்பாற்றியதால் அவளுக்குத் 'தீயணைப்பு' என்று பெயர்.

நிரலில், முகவரியைப் படிக்கும் இடத்தில்தான் கோளாறு. அவளே எழுதிய வரி.

"என்ன வந்து விழவைக்குதுன்னு பாக்கணும் சார். அரை மணி நேரம் குடுங்க."

"ஊரே திட்டுது! முதல்ல விழாம பண்ணும்மா. காரணத்தை அப்புறம் ஆற அமரப் பாக்கலாம்" என்றார் மேலாளர்.

மூன்றே வரி சேர்த்தாள். பிழை வந்தால் பிடித்துக்கொள், சத்தம் போடாதே, அடுத்த வேலையைப் பார். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற வைத்தியம். அவளுக்கும் தெரியும். ஆனாலும் பத்தே முக்காலுக்குத் தளம் நிமிர்ந்து நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

பன்னிரண்டேகாலுக்குத்தான், தளத்துக்கு யார் யார் வந்துபோனார்கள் என்ற குறிப்பேட்டைத் திறந்தாள். விழவைத்தது ஒரே கைபேசி எண். பதினான்கு முறை முயன்றிருந்தது. நெஞ்சு வலி. புதுப் பாலத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வீட்டு எண் கட்டம் காலி.

"நம்பர் போடாம வந்தா என்னம்மா ஆகும்?" என்று, அந்த வரியை அவள் எழுதிய அன்றே, தளத்தைச் சோதித்துப் பார்ப்பவர் கேட்டார். "நம்பர் இல்லாத வீடு எங்கண்ணே இருக்கு?" என்று கிண்டலடித்தவள் இவள்தான்.

அதற்கும் கீழே பதினைந்தாவது முயற்சி ஒன்று இருந்தது. அது அவளுடைய மூன்று வரிக்குப் பின்னால் வந்தது. பிழையை விழுங்கிவிட்டுத் தளம் அடுத்த வேலையைப் பார்த்திருந்தது: 'பதிவாகிவிட்டது. வண்டி வருகிறது' என்று திரையில் காட்டியிருந்தது. எதுவும் பதிவாகவில்லை. எந்த ஓட்டுநருக்கும் தகவல் போகவில்லை. பதினாறாவது முயற்சியும் இல்லை.

ஓட்டுநர் ஒருவருக்குப் போன் போட்டு வண்டியை விரட்டினாள். பிறகு அந்த எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க. வண்டி கிளம்பிடுச்சு, இதோ..."

"இப்பத்தான் கிளம்புதா? அப்பவே வருதுன்னு போட்டிருந்துச்சே. லாரிக்காரர் ஒருத்தர் ஏத்திட்டுப் போறேன்னாரு. வண்டிதான் வருதே, வேணாம்ணேன்னு நாந்தான் அனுப்பிட்டேன். என் வீட்டுக்காரரை வாசல்லயே படுக்க வச்சிருக்கேன். இனிமே மெதுவாவே வரச்சொல்லும்மா."