ஆடை எடுத்த பால்

இன்ஸாஃபின் வீட்டில் மட்டும் பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்ததுமே சூரியன் மறைந்துவிடும். தந்தா நகரத்துக்கு வடக்கே, வாய்க்காலோரத்து எங்கள் ஊரில் மற்ற வீடுகளுக்குள் வெயில் தாராளமாகக் கிடக்கும். அவள் வாசலைத் தாண்டினால் கும்மிருட்டு. கரண்ட்காரன் வந்து பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று போய்விட்டான். கொஞ்ச நாள் பேசினோம், அப்புறம் பழகிவிட்டது.

இருட்டு முதலில் அவளுடைய ஐந்து வயது மகள் சுமையாவின் கண்ணில்தான் ஆரம்பித்தது. பாலும் ரொட்டியும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை. அந்தி சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்வாள். பிறகு அந்தியே அந்த வீட்டுக்கு முன்கூட்டி வரத் தொடங்கியது. பால் கொடுத்தவன் ஷெஹாத்தா, ஊர்ப் பால் நிலையத்துக்காரன், இன்ஸாஃபுக்குப் பால்குடித் தம்பி. தாயில்லாமல் கிடந்தவனுக்கு அவள் அம்மாதான் முலை கொடுத்தாள். எங்களிடம் அது ரத்த உறவுக்குச் சமம். அதனால், காய்ச்சினால் ஆடையே படியவில்லையே என்று கேட்டபோது அவன் சொன்னதை நம்பினாள்.

"அக்கா, இது மெஷின்ல அடிச்ச பால். ஆடை உள்ளேயே கரைஞ்சிருக்கும். எருமைய நம்புவ, என்னைய நம்பமாட்டியா?"

நம்பினாள், பாவி மகள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மாக்தா பிள்ளையின் கண்ணைப் பார்த்து மருந்து கொடுத்தாள். பாலை நான் காய்ச்சியதால்தான் சத்து போயிற்றா என்று இன்ஸாஃப் கேட்டாள். "நீ கொதிக்க வெச்சதுனால இல்லம்மா. கொதிச்சா வேற சத்துதான் கொஞ்சம் போகும். கண்ணுக்கான வைட்டமின் ஏ கொழுப்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆடைய எடுத்தா அதுவும் கூடவே போயிடும்."

ஆடை தந்தாவின் மிட்டாய்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கு ராத்திரியிலும் விளக்கு தேவைப்படவில்லை என்பது லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்ஸாஃப் பால் நிலையத்து வாசலில் நின்று கத்தினாள். "எங்கம்மா உனக்கு ஆடைய எடுத்துட்டாடா குடுத்தா?"

"ஊருக்கே அப்படித்தான்க்கா குடுக்கிறேன்."

"நான் ஊராடா?"

உறவை அறுத்துவிடுங்கள் என்று அவள் பள்ளிவாசல் ஷேக்கிடம் போய் அழுதாள். "குடிச்ச பாலைத் திருப்பி எடுக்க முடியாதும்மா" என்றார் அவர்.

மருந்தாலும், இன்ஸாஃப் சொந்தமாக வாங்கிய எருமையின் பாலாலும் சுமையாவின் கண் தேறியது. அந்த வீட்டுச் சூரியனும் இப்போது மற்ற வீடுகளோடு சேர்ந்தே மறைகிறது. ஷெஹாத்தா பெருநாள்தோறும் அக்காவைப் பார்க்க வருகிறான். வராமல் இருக்க முடியுமா, தம்பி அல்லவா. அவன் வாசற்படி ஏறியதும் பட்டப்பகலில் வீடு இருண்டுவிடும். இன்ஸாஃப் எழுந்து லைட்டைப் போடுகிறாள், அவனுக்கு டீ ஊற்றுகிறாள்.