பூவண்டிக்கு சைலன்சர்

எனக்கு முன்கோவம் ஜாஸ்தி. உறையூருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வெள்ளைச்சாமி வாயைத் திறந்தா சண்டைதான்னு. அந்த வாயை வெச்சுக்கிட்டு ஒரு நாள் நான் பேச வழியில்லாம நின்னேன். அம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாசம் நடந்தது அது.

ஏலத்துல எடுத்த மிலிட்டரி பிக்கப் ஒண்ணு வெச்சிருந்தேன். மேலூர் தோட்டங்கள்லேருந்து டவுனுக்குப் பூ ஏத்துற வேலை. சைலன்சர் துருப்புடிச்சு ஓட்டை ஓட்டையா இருக்கும். நாச்சியார் கோயில் திருப்பத்துல வர்றப்பவே எங்க வீட்டுக்குக் கேட்டுடும். என் மக இருளாயிக்கு ஏழு வயசு. சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடிவந்து, புகையை மோந்துக்கிட்டே வண்டி பின்னாடி வருவா. கழுதை, இருமல் வரும்டின்னு திட்டுவேன். கேக்க மாட்டா.

அந்த மாசி நடுவுல அவளுக்கு ஆத்தா வந்துட்டா. உடம்பு பூரா முத்து. இமை மேலயும் போட்டு, கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. இந்த மாதிரி கண்ணுல போட்டா பார்வை மிஞ்சுறது கஷ்டம்னு பக்கத்துல பேசிக்கிட்டாங்க. எம் பொண்டாட்டி பவுனம்மா சமயபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டா. "கண்ணு ரெண்டும் பழுதில்லாம திறக்கணும் தாயி. பூச்சொரிதலுக்கு வண்டி நிறையப் பூ கொண்டாந்து சொரியறேன்."

ஆத்தா வந்த வீட்டுல தாளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. என் வண்டி தெருவுல நுழைஞ்சா புள்ள தூக்கிவாரிப்போட்டு நடுங்குவா. "ஒண்ணு வண்டியை எங்கயாச்சும் நிறுத்துங்க, இல்ல அதோட வாயை அடைங்க"ன்னா பவுனம்மா. அடைச்சுடறேன்னேன்.

பூச்சொரிதலுக்கு முதல் நாள், சனிக்கிழமை, பழைய சாமான் விக்கிற பரக்கத் அலி பாய் கடைக்குப் போனேன். மூணு சைலன்சர் எடுத்துப் போட்டார். லாரியோடது ஒண்ணு, ஜீப்போடது ஒண்ணு, பிளஷர் காரோடது ஒண்ணு. காரோடதை விரல் முட்டியால தட்டினேன், பொத்துனு அடங்கின சத்தம் வந்துச்சு. இதான் வேணும்னேன்.

"யோசிச்சு எடுங்க. இது காருக்கு உள்ள அளவு. உங்க வண்டிக்குப் பின்னாடி நீளம் பத்தாது"ன்னார் பாய்.

"நீளத்தை வெச்சு நான் என்ன வேட்டியா கட்டப் போறேன்? கொடுங்க பாய்."

மாட்டிக் கொடுத்தது பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சவரிராயன், எனக்குச் சிநேகிதக்காரன். ஷிப்டு முடிஞ்சு வந்து, வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து, பழைய குழாயை அறுத்து, புதுசை கிளாம்பு போட்டு இறுக்கினான். ஸ்டார்ட் பண்ணினா பூனை மாதிரி இருக்கு வண்டி. ஆனா அவன் எந்திரிச்சு வந்து மூஞ்சியைச் சுளிச்சான்.

"குழாய் பூ ஏத்துற பலகைக்கு அடியிலயே முடிஞ்சுடுது வெள்ளைச்சாமி. இன்னும் ரெண்டு முழம் பைப்பு போட்டு வெளியே தள்ளணும். இல்லாட்டி புகை பூரா மேலதான் ஏறும். காலையில சர்ச்சுல பூசை முடிஞ்சதும் பைப்போட வந்துடறேன், ஒம்பது மணிக்கு."

"பூசைக்குப் போறவன் போய்யா. விடியறதுக்குள்ள நான் பூ ஏத்தணும். உன் ரெண்டு முழம் பைப்புக்காக எங்க ஆத்தாவை நிக்கச் சொல்லவா?"

அவன் ஸ்பானரைத் துடைச்சுப் பையில போட்டுக்கிட்டு சைக்கிள்ல ஏறிட்டான்.

சாயங்காலம் வண்டியை வாசல்லயே கொண்டாந்து நிறுத்தினேன். புள்ளைக்குத் தெரியவேயில்ல. வேப்பிலை மேல கண்ணு மூடிப் படுத்திருந்தவ, "அப்பா இன்னும் வரலையாம்மா?"ன்னு கேட்டா. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கு அப்போ பெருமையாத்தான் இருந்துச்சு.

மறுநாள் மச்சினி வேலம்மாளைக் காவலுக்கு வெச்சுட்டு நானும் பவுனம்மாவும் மேலூர் போனோம். மல்லி, சம்பங்கி, அரளின்னு இருபத்திரண்டு கூடை. சாமிக்குப் போற பூவை மோந்துட்டா அது ஆகாது. அதனால ஏத்துறவங்க எல்லாரும் மூக்கை மறைச்சுத் துணி கட்டிக்குவோம். ஏத்தி முடிச்சு, வாடாம இருக்க ஈரச்சாக்கைப் போட்டு இழுத்து மூடினேன். பவுனம்மா முன்னாடி என் பக்கத்துல உக்காந்தா. முந்தின நாள்லேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படல அவளுக்கு. மூக்குத்துணியைக்கூட அவுக்கல.

கொள்ளிடம் பாலத்துல ஒரே கூட்டம். வண்டி நகரல. பேட்டரி சரியில்ல, எஞ்சினை நிறுத்தினா திரும்பக் கிளம்பாது. முக்கால் மணி நேரம் அப்படியே ஓடவிட்டு நின்னோம். சாக்கை நனைக்கலாம்னு இறங்கிப் பின்னாடி போனேன். சாக்கு ஓரத்துல ஊதா நிறத்துல புகை கசியுது. தூக்கினா, பலகை இடுக்கு அத்தனையிலயும் ஏறிக் கூடைக்கு நடுவுல நிக்குது.

மூக்குத்துணியை இறக்கிட்டு ஒரு கூடைகிட்ட குனிஞ்சேன். குனிஞ்சவன் அப்படியே நின்னுட்டேன். பூவுல புகை ஏறிடுச்சான்னு தெரியணும்னா மோந்து பார்க்கணும். மோந்துட்டா அந்தப் பூ அத்தோட போச்சு. மோக்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது? வேற பூவுக்கு நான் எங்க போவேன், பாலத்துக்கு நடுவுல? சாக்கை உருவிப் போட்டுட்டுத் துண்டால விசிறினேன். புகை போச்சு. பூ பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

"என்னங்க?"ன்னா பவுனம்மா.

"ஒண்ணுமில்ல, சாக்கு நழுவிடுச்சு."

சமயபுரத்துல கூடை கூடையா கைமாறி உள்ளே போச்சு. ஒருத்தரும் மோக்கல, யாரு மோப்பாங்க? பவுனம்மா கையைத் தலைக்கு மேல தூக்கி அழுதுக்கிட்டே நின்னா. நான் அவளுக்குப் பின்னாடி நின்னு, தப்பு என்னுது தாயி, புள்ளைமேல வெச்சுடாதேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். எங்க கூடையிலேருந்தே ஒரு கைப்பிடி மல்லியை வேப்பிலையோட திருப்பிக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து பவுனம்மா அந்தப் பூவைப் புள்ள மூக்குகிட்ட வெச்சா. பிரசாதமாயிட்ட பூவை மோக்கலாம். "ஆத்தா கொடுத்த பூவுடி, தங்கம்"ன்னா.

பத்து நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் அவ சிரிச்சா. "வண்டி வாசம் வருதும்மா. அப்பா வந்துட்டாரா?"

பவுனம்மா பூவை எடுத்தா. தானும் ஒரு தடவை மோந்தா. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"பாலத்துலயே."

அவ பூவைத் தலைமாட்டுல வெச்சுட்டு, வேப்பிலையால புள்ள காலைத் தடவ ஆரம்பிச்சா. இருளாயி என் கையைத் தேடிப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு கண்ணும் ஒட்டினபடி, என் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டேயிருந்தா.